கண்ணுள் தோன்றும் கரும்புற்று: சிகிச்சை முறைகளைப் பற்றிச் சில விவரங்கள்

நூல் விலையையும் பயிர்க் கடனையும் பற்றி எழுதவேண்டிய இப்பக்கங்களில் கண் நோயைப் பற்றி எழுதுவானேன் என்று அங்கத்தினர்கள் கேட்கலாம். ஒரு நகைக்கடன் மனுவே இக்கட்டுரைக்குக் காரணம்.

விருத்தாசலம் வட்டாரத்துத் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் ஒன்றில் நான் ஆய்வுக்காக உட்கார்ந்திருந்த அன்று, ஐம்பது வயதைத் தாண்டிய முந்திரி விவசாயி ஒருவர், தம் மனைவியாரின் இரட்டை வடச் சங்கிலியைக் காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். மனுவில் கடனின் நோக்கம் என்னும் கட்டத்தில் “கண் எடுக்க” என்று எழுதியிருந்தது. காரியதரிசி அதைப் படித்துவிட்டு, “கண்ணை எடுப்பதற்கா அண்ணே, நகையை வைக்கிறீர்கள்? கண்ணைக் காப்பாற்ற என்றால் வைக்கலாம்” என்றார். அந்த அங்கத்தினர் என் பக்கம் திரும்பி, “ஐயா, நீங்கள் படித்தவர்கள். கண்ணுக்குள் கட்டி இருக்கிறதாம். கண்ணை எடுத்துவிடலாம் என்கிறார் டாக்டர். கதிர்த் தகடு வைத்தும் பார்க்கலாம், உயிருக்கு இரண்டும் ஒன்றுதான் என்றும் சொல்கிறார். இரண்டும் ஒன்று என்றால் எவன்தான் கண்ணைக் கொடுப்பான்? எனக்கு விளங்கவில்லை” என்றார்.

எனக்கும் விளங்கவில்லை. ஆயினும் பட்டம் பெற்றவன் விழிக்கக் கூடாதே என்னும் எண்ணத்தில், “கண்ணை எடுக்க ஒப்புக்கொள்ளாதீர்கள், விஞ்ஞானம் வளர்ந்திருக்கும் இக்காலத்தில் அது பழைய முறை” என்று சொல்லிவிட்டேன். அவ்வாறு சொன்னது தவறு என்பது, பின்னர் நான் தேடிப் படித்தும், சென்னைக்கு அவருடன் ஒருமுறை சென்று கண் வைத்தியரிடம் கேட்டும் அறிந்த செய்தி. அவ்விவரங்களையே இங்கு எழுதுகிறேன்.

கண்ணின் சுவர் மூன்று அடுக்குகளாக அமைந்தது. வெளியே வெண்மையான உறுதியான தோல். உள்ளே ஒளியை வாங்கும் விழித்திரை. இவ்விரண்டிற்கும் இடையே இரத்த நாளங்களும் கருநிற அணுக்களும் நிறைந்த ஒரு நடுப்படலம். கருவிழியைச் சுற்றித் தெரியும் பழுப்பு வளையம் இந்நடுப்படலத்தின் முன்பகுதியே. தோலுக்குக் கருமை தரும் அதே நிறப்பொருள் இங்கும் இருக்கிறது. அந்நிற அணுக்கள் கட்டுப்பாடின்றிப் பெருகுவதனால் உண்டாகும் புற்றையே மெலனோமா என்பர். கண்ணில் தோன்றும் மெலனோமாவில் பெரும்பகுதி விழித்திரைக்குப் பின்னாலுள்ள பகுதியிலேயே எழுகிறது. ஆகவே கண்ணாடியில் முகம் பார்ப்பவருக்கு அது தெரியாது. எதிரே நின்று பார்ப்பவருக்கும் தெரியாது.

இந்நோய் அரிது. வெள்ளை நிறத்தவரிடையே பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஐந்தாறு பேருக்கு உண்டாகிறது. நம்மைப் போன்ற ஆசிய மக்களிடையே அதனினும் மிகக் குறைவு. எனினும் நம் நாட்டில் இது வருபவர்களுக்கு மேல்நாட்டாரைவிட இளம் வயதிலேயே, நாற்பதுகளில், வந்துவிடுவதைக் காண்கிறார்கள். கட்டி பெரிதான பிறகே வைத்தியரிடம் வருவோரும் நம்மிடையே மிகுதி. அரிய நோய் என்பதால் அலட்சியமாக இருக்கலாம் என்பது பொருந்தாது. அரிதாக இருப்பதனாலேயே வழக்கமான கண்ணாடிப் பரிசோதனையில் ஒருவருக்கும் அதன் நினைவு வருவதில்லை.

நம் அங்கத்தினர் விஷயத்திலும் அதுவே நடந்தது. முந்திரிக் கன்று நட நூல் கயிறு பிடித்துக் குழிக்கு அடையாளமிடும்போது, ஒரு கண்ணை மூடிப் பார்த்தால் கயிறு நடுவில் வளைந்து தெரிந்ததாம். ஒரு கடையில் கண்ணாடி மாற்றிக் கொடுத்தார்கள். பிறகு ஓரத்தில் மின்னல் வெட்டுவது போன்ற ஒளியும், திரை விழுவது போன்ற நிழலும் தோன்றின. யாரோ சொன்னபடி நான்கு மாத காலம் இலைச்சாறு பிழிந்து ஊற்றினார். கண்ணின் உட்சுவரில் வளரும் கட்டிக்கு மேலே ஊற்றும் சாறு என்ன செய்யும்? வேலிக்கு வெளியே மருந்தடித்தால் தோப்பில் பூச்சி சாகாது. அச்சாறு தீங்கு செய்யவில்லை. நான்கு மாதத்தைத் தின்றுவிட்டது.

இங்கே நெசவாளர் அங்கத்தினர்களுக்கு ஒரு வார்த்தை. தறியில் உட்கார்ந்ததும் மாதம் ஒருமுறை, முதலில் இடக்கண்ணையும் பிறகு வலக்கண்ணையும் கையால் மூடி, பாவின் இழைகளைப் பாருங்கள். இரு கண்களுக்கும் இழைகள் நேராக ஓடவேண்டும். ஒரு கண்ணுக்கு மட்டும் இழை வளைந்தாலும், நடுவில் ஒரு திட்டு மறைந்தாலும், அதைக் கண்ணாடிக் கடையோடு விடாமல், பாவையை விரிக்கும் சொட்டு மருந்திட்டு உள்ளே பார்க்கும் வைத்தியரிடம் காட்டவேண்டும். வளைவுக்குக் காரணம் பெரும்பாலும் வேறு ஏதாவது சிறு கோளாறாகவே இருக்கும். ஆனால் அதை உள்ளே பார்த்தவரே சொல்ல முடியும்.

இக்கட்டியைக் கண்டறிவதற்கு வழக்கமாகச் சதையைக் கிள்ளிச் சோதிப்பதில்லை. பாவை வழியாக நேரே பார்த்தும், ஒலி அலைக் கருவியை மூடிய இமைமேல் வைத்துக் கட்டியின் உயரத்தையும் அகலத்தையும் அளந்துமே தீர்மானிக்கிறார்கள். மழைக்காலத்துக் காளான்போல், குறுகிய கழுத்தும் விரிந்த தலையுமாக எழுவது இக்கட்டியின் சிறப்பான வடிவம். மில்லிமீட்டர்க் கணக்கிலான அந்த உயரமும், பார்வை நரம்பிலிருந்து கட்டி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதுமே சிகிச்சையைப் பெரும்பாலும் நிர்ணயிக்கின்றன. ஆகவே ஆஸ்பத்திரியில் தரும் சீட்டில் அவ்விரண்டு விவரங்களையும் கேட்டுக் குறித்துக்கொள்ளுதல் நன்று.

நிற்க. சிகிச்சைக்கு வருவோம். சென்ற நூற்றாண்டின் பெரும்பகுதி வரையில் கண்ணை எடுப்பதே விதியாக இருந்தது. 1930ஆம் ஆண்டில் லண்டனில் ஃபாஸ்டர் மூர் என்னும் வைத்தியர், ரேடான் அடைத்த நுண்குழல்களைக் கட்டியினுள் பதித்துக் கதிரால் அதை அழிக்க முயன்றார். பின்னர் ஸ்டாலர்டு என்பவர் கோபால்ட்டுத் தகடுகளைக் கண்ணின் மேல் தைக்கும் முறையை வகுத்தார். 1960களில் ஜெர்மனியில் லோமாட்ஷ் ருத்தேனியத் தகட்டைக் கொண்டுவந்தார். இன்று உலகெங்கும் வழங்குபவை ருத்தேனியமும் அயோடினும் ஆகிய இருவகைத் தகடுகள்.

தகடு என்றால் தட்டையானது என்று எண்ணவேண்டா. நம் ஊர்ச் சூளையில் சுடும் சிறு பீங்கான் அகலைக் கவிழ்த்தாற்போல், கண் உருண்டையின் வளைவுக்கு ஏற்ப வளைந்த, ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே சிறிய கிண்ணம் அது. ருத்தேனியத் தகடு வெள்ளியால் ஆனது. கதிர்ப்பொருள் அதன் உட்பரப்பில் பூசப்பட்டிருக்கும். அதன் கதிர் வெகுதூரம் செல்லாது. ஆகையால் ஐந்தாறு மில்லிமீட்டர் உயரம் வரையுள்ள கட்டிகளுக்கே ஏற்றது. அதற்கு மேற்பட்ட உயரத்துக்கு அயோடின் தகடு வேண்டும். அதில் சீரகத்தையொத்த சிறு டைட்டானியக் குழல்களுக்குள் கதிர் அயோடினை அடைத்து, தங்கக் கிண்ணத்தின் உட்புறத்தில் பதித்திருப்பார்கள். பின்புறமுள்ள தங்கம் கதிரை மறித்துவிடுவதால் கட்டியின் பக்கமே அது செல்லும். அயோடின் ஏறக்குறைய அறுபது நாளில் பாதி வீரியத்தை இழந்துவிடும். ருத்தேனியத்துக்கு ஓர் ஆண்டுக்குச் சற்று மேல் ஆகும்.

ரண சிகிச்சை அறையில் கண்ணின் மேற்சவ்வை விலக்கி, பாவை வழியே ஒளி பாய்ச்சுவார்கள். கட்டி இருக்குமிடம் மட்டும் வெண்தோலின்மேல் நிழலாகத் தெரியும். அந்நிழலின் ஓரத்தைக் குறித்துக்கொண்டு, அதன்மேல் தகட்டை வைத்துத் தைத்துவிடுவார்கள். கட்டியின் உச்சியில் எண்பத்தைந்து கிரே என்னும் அளவு கதிர் சேர்வதற்கு மூன்று முதல் ஏழு நாள்கள் வரை ஆகலாம். அதுவரை நோயாளி தனியறையில் இருப்பார். கர்ப்பிணிகளும் குழந்தைகளும் அருகில் செல்லலாகாது. பின்னர் தகட்டை எடுத்துவிடுவார்கள். எடுத்தபின் அவரிடமிருந்து வீட்டார்க்குக் கதிர் எதுவும் பரவாது. கட்டி உடனே மறைந்துவிடுவதில்லை. மாதக் கணக்கில் மெல்லச் சுருங்கித் தழும்பாக நிற்கும். மூன்றாம் மாதச் சோதனையில் “கட்டி இன்னும் இருக்கிறது” என்று கேட்டதும் சிகிச்சை தோற்றதென்று மனம் உடைந்து வராமல் நின்றுவிடுவோர் உண்டு. அவ்வாறு நிற்றல் கூடாது.

இப்பொழுது நம் அங்கத்தினர் கேட்ட கேள்வி. உயிருக்கு இரண்டும் ஒன்று என்பது எவ்வாறு?

இதற்கு விடை காண அமெரிக்காவில் 1980களின் பிற்பகுதியில் பெரியதோர் ஆராய்ச்சியைத் தொடங்கினார்கள். நடுத்தர அளவுள்ள கட்டி கொண்ட 1,317 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோல் இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்குக் கண்ணை எடுத்தனர். மறு பிரிவினருக்கு அயோடின் தகடு வைத்தனர். 2001ஆம் ஆண்டில் முதல் முடிவு வெளிவந்தது. ஐந்தாண்டுகளில் இரு பிரிவிலும் நூற்றுக்குப் பதினெட்டு, பத்தொன்பது பேரே எக்காரணத்தாலாயினும் இறந்திருந்தனர். பன்னிரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தபோதும் பொருட்படுத்தத்தக்க வேற்றுமை காணப்படவில்லை. கண்ணை வைத்துக்கொண்டதால் உயிருக்குக் கூடுதல் ஆபத்து நேரவில்லை. கண்ணை எடுத்ததால் கூடுதல் பாதுகாப்பும் கிடைக்கவில்லை. இந்நோயில் உயிரைக் கொண்டுபோவது இரத்தத்தின் வழியே வேறிடம் சென்று, பெரும்பாலும் ஈரலில், முளைக்கும் விதைகள். அவ்விதைகள் கட்டி கண்டுபிடிக்கப்படுவதற்கு முன்பே சிந்திவிடுகின்றன என்று கருதுகிறார்கள். அறுவடைக்கு முன் உதிர்ந்துபோன களைவிதையை, பிறகு களையை எப்படி அகற்றினாலும் பொறுக்கிவிட முடியாதல்லவா? அப்படியானால் சிகிச்சையே எதற்கு என்று கேட்கலாம். விட்டுவைத்த களை மேலும் உதிர்க்கும் என்பதே விடை. கட்டி பெரிதாகப் பெரிதாக ஆபத்தும் கூடுகிறது.

ஆகவே தகடு காப்பது கண் உருண்டையை, அதிர்ஷ்டமிருந்தால் பார்வையையும். “அதிர்ஷ்டமிருந்தால்” என்று நான் எழுதுவது காரணத்தோடுதான். அதே ஆராய்ச்சியில் தகடு வைத்தவர்களில் மூன்றாண்டுகளுக்குள் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு அக்கண்ணின் பார்வை பெரிதும் குன்றிவிட்டது. கட்டியைக் கொல்லும் கதிர் அருகிலுள்ள விழித்திரையின் நுண்ணிய இரத்த நாளங்களையும் நரம்பையும் மெல்ல வாட்டிவிடுகிறது. கண்புரையும் வரலாம், அதை நீக்கிவிட முடியும். நாளங்களின் கசிவைக் குறைக்க இப்போது கண்ணுக்குள் ஊசி மருந்து போடுகிறார்கள். திரும்பத் திரும்பப் போடவேண்டியிருக்கும். மேலும், தகடு வைத்தவர்களில் எட்டில் ஒருவருக்கு ஐந்தாண்டுகளுக்குள் எப்படியும் கண்ணை எடுக்க நேர்ந்தது. கட்டி சிறிதாகவும் நரம்பிலிருந்து விலகியும் இருப்பவர்களுக்கு இக்கணக்கு மிகச் சாதகமாக இருக்கும். அத்தகையவர்கள் தகட்டை நாடுவதே முறை. கட்டி உயர்ந்தும் நரம்பை ஒட்டியும் இருந்தால் கணக்கு மாறிவிடுகிறது.

நம் அங்கத்தினருக்குக் கட்டியின் உயரம் எட்டு மில்லிமீட்டர். அது பார்வை நரம்பைத் தொட்டுக்கொண்டிருந்தது. விழித்திரையும் பிரிந்து போயிருந்தது. அக்கண்ணால் கை அசைவை மட்டுமே அவரால் காண முடிந்தது. தகடு வைத்தாலும் பார்வை மீளாது என்று வைத்தியர் சொன்னார். அவர் சிறிது நேரம் யோசித்துவிட்டு, “பார்வை தராத கண்ணுக்காக நான் எத்தனை தடவை ரயிலேறவேண்டும்?” என்று கேட்டார். அக்கேள்வி எந்தப் புத்தகத்திலும் எனக்குக் கிடைத்திராத கேள்வி. அவர் கண்ணை எடுத்துவிடவே தீர்மானித்தார். அவருடைய மனுவில் எழுதியிருந்தது சரியாகவே இருந்தது. திருத்தப் போனவன் நான்.

கண்ணை எடுப்பது பற்றி ஊரில் வழங்கும் அச்சங்கள் பல. முழு மயக்கத்தில் செய்யப்படும் அவ்வேலை ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். குழி வெறுமையாக விடப்படுவதில்லை. ஒரு சிறு உருண்டையை உள்ளே வைத்து, கண்ணை அசைக்கும் தசைகளை அதனோடு இணைத்துத் தைத்து மூடிவிடுகிறார்கள். அவ்வுருண்டைகளுள் ஒரு வகை, அலுமினிய ஆக்ஸைடைச் சுட்டுச் செய்த நுண்துளைப் பீங்கான் என்பதைப் பீங்கான் தொழிற்பேட்டை உள்ள ஊர்க்காரர்கள் அறிந்தால் மகிழ்வார்கள். ஆறு எட்டு வாரம் கழித்து அதன் முன்னே செயற்கைக் கண் பொருத்தப்படும். முற்காலத்தில் இவற்றை ஜெர்மனியின் லாவுஷா என்னும் கண்ணாடித் தொழில் ஊரில் ஊதிச் செய்தார்கள். இரண்டாம் உலக யுத்தத்தில் அச்சரக்கு நின்றுபோகவே அமெரிக்கர்கள் அக்ரிலிக் பிளாஸ்டிக்கில் செய்யக் கற்றனர். இன்று பெரும்பாலும் அதுவே. மறுகண்ணைப் பார்த்து நிறம் தீட்டுவார்கள். நல்ல கைவேலையானால் எதிரே இருப்பவர் எளிதில் கண்டுகொள்ள மாட்டார். ஒற்றைக் கண்ணால் தூரமும் ஆழமும் மதிப்பிடுவது சில மாதங்கள் தடுமாறும். குவளையில் நீர் ஊற்றுவதும் படி இறங்குவதுமே முதற்சங்கடம். பிறகு பழகிவிடும். எஞ்சிய கண்ணுக்கு உடையாத பிளாஸ்டிக் கண்ணாடி எப்போதும் அணிந்திருக்கவேண்டும். முந்திரிக் கிளை வெட்டுவோர்க்கு இது மிகவும் அவசியம்.

வேறு முறைகளும் உள்ளன. மிகச் சிறிய கட்டிகளை, லேசர் வெப்பத்தால் சுடுவதுண்டு. தனியாக அதைச் செய்தால் கட்டி மீண்டும் வருவதைக் கண்டு, இப்போது பெரும்பாலும் தகட்டுக்குத் துணையாகவே பயன்படுத்துகிறார்கள். 1975ஆம் ஆண்டில் பாஸ்டன் நகரில் தொடங்கிய புரோட்டான் கதிர் முறையும் சிறந்தது. சென்னையில் 2019ஆம் ஆண்டில் அப்போலோ நிறுவனம் புரோட்டான் மையம் திறந்தது. ஆயினும் கண்ணுக்குத் தனி ஏற்பாடுகள் வேண்டியிருப்பதால், புரோட்டான் இருக்குமிடமெல்லாம் கண் சிகிச்சை கிடைக்குமென்று பயணம் கட்டிவிடலாகாது. முன்னதாகக் கேட்டறிய வேண்டும்.

தகடு நம் நாட்டுக்கு எட்டாதது என்று எண்ணவும் வேண்டா. அயல்நாட்டு அயோடின் குழல்களின் விலை மிகுதி. அதனால் மும்பை டிராம்பேயிலுள்ள பாபா அணு ஆராய்ச்சி நிலையத்தார் தாமே அவற்றைச் செய்தனர். சென்னைச் சங்கர நேத்ராலயாவில் அவற்றைக் கொண்டு நோயாளிகளுக்குச் சிகிச்சை செய்தனர். அணு உலையில் எரிந்த எரிபொருளின் கழிவிலிருந்து ருத்தேனியத்தைப் பிரித்தெடுத்துக் கண் தகடும் அந்நிலையத்தார் செய்துள்ளனர். டில்லியில் ராஜேந்திர பிரசாத் கண் மருத்துவ மையம் அதைப் பயன்படுத்தியது. குப்பையை உரமாக்கும் நமக்கு இச்செய்தி புதுமையாக இராது. ஹைதராபாத்தில் எல்.வி. பிரசாத் கண் மருத்துவ நிலையத்திலும் கண் புற்றுக்குத் தனிப் பிரிவு உண்டு. நம் வட்டாரத்தார் முதலில் புதுச்சேரி ஜிப்மர் அல்லது அரவிந்த் கண் மருத்துவமனைக்கோ, சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனைக்கோ சென்றால் அங்கிருந்து வழிகாட்டுவர். எழும்பூர் ஆஸ்பத்திரி 1819ஆம் ஆண்டிலேயே தோன்றியது.

செலவைப் பற்றி. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை இடமுண்டு. கிராம நிர்வாக அலுவலரிடம் வருமானச் சான்று வாங்கி அட்டை எடுத்து வைத்திருக்கவேண்டும். நோய் வந்த பிறகு அலைவது வீண். எந்த ஆஸ்பத்திரியில், எந்தச் சிகிச்சை அதில் அடங்கும் என்பதை அங்குள்ள காப்பீட்டு மேஜையில் நகை வைப்பதற்கு முன்பே கேட்டுவிடவேண்டும். நம் அங்கத்தினரிடம் அட்டை இருந்தது; பெட்டியின் அடியில் இருந்தது. ஒருவரும் அதை நினைக்கவில்லை; நானும் நினைக்கவில்லை.

சூளை நெருப்பைப் பார்த்ததனால்தான் இந்நோய் வந்தது என்று ஊரில் பேசினர். அவர் இளமையில் சிறிது காலம் பீங்கான் சூளையில் வேலை செய்தவர். சூளையின் வெப்பக் கதிரைப் பல்லாண்டு உற்றுப் பார்ப்பவர்க்குக் கண்புரை வரும் என்பது நெடுநாளாக அறிந்த உண்மை. கரும்புற்றுக்கு அதைக் காரணமாகச் சொல்வதற்கு ஆதாரமில்லை. வெல்டிங் வேலையின் ஒளி வேறு. அதிலுள்ள புறஊதாக் கதிர் கண் மெலனோமாவுக்குக் காரணமாவதென்று உலகச் சுகாதார ஸ்தாபனத்தைச் சார்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் தீர்மானித்துள்ளது. தொழிற்பேட்டையில் முகக்கவசமின்றி, கையால் கண்ணை மறைத்துக்கொண்டு பற்றவைக்கும் பையன்களைப் பார்க்கும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தைகளின் பாவையில் பூனைக் கண்போல் வெண்மை பளிச்சிட்டால் அது வேறொரு கண் புற்றாக இருக்கலாம். நம் நாட்டில் மெலனோமாவைவிட அதுவே மிகுதி. ஒரு நாளும் தாமதிக்கலாகாது.

கண்ணின் சிகிச்சை முடிந்தாலும் ஈரலைக் கவனிப்பது முடிவதில்லை. இந்நோய் கண்டவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு, சிலருக்குப் பத்தாண்டு கழித்தும், வேறிடத்தில் முளைக்கிறது. ஆகவே ஆறு மாதத்துக்கு ஒருமுறையேனும் ஈரலை ஒலி அலையாலோ பிற முறையாலோ சோதிக்கச் சொல்கிறார்கள். அங்கே பரவிவிட்டால் நெடுங்காலமாகப் பயனுள்ள மருந்து இல்லாதிருந்தது. 2022ஆம் ஆண்டில் டெபென்டாஃபஸ்ப் என்னும் ஊசி மருந்து அமெரிக்காவில் அனுமதி பெற்றது. குறிப்பிட்ட ஒரு திசுவகை உடையவர்களுக்கே அது பயன்படும். நோயை ஒழிக்காவிடினும் ஆயுளை நீட்டுகிறது. விலை நம்மால் எண்ணத்தக்கதன்று.

சென்ற மாதம் அதே சங்கத்துக்கு மறுபடியும் ஆய்வுக்குச் சென்றேன். சங்கிலியை மீட்டுவிட்டார்கள், காப்பீட்டில் அடங்காத பயணச் செலவுக்கும் கண் பொருத்தவும் வாங்கிய தொகை சிறியதே. அவர் புதுக் கண்ணோடு எதிரே உட்கார்ந்திருந்தார். எது புதியது என்று காரியதரிசி என்னைக் கேட்டுச் சிரித்தார். பாஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஈரல் சோதனைத் தேதிகளை வரிசையாக எழுதி வைத்திருக்கிறார். இரண்டு தேதிகள் அடிக்கப்பட்டிருந்தன. அடுத்தது தை மாதத்தில், முந்திரி பூவெடுக்கும் சமயம். தோப்பை யார் பார்த்துக்கொள்வது என்று அவர் கவலைப்பட்டார். அந்த இரண்டு நாளும் தாம் பார்த்துக்கொள்வதாகக் காரியதரிசி சொன்னார்.